எது பார்ட் ஒன்?

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி, எழுமலைப் பக்கத்து அரசுப் பள்ளிகளிலும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகளில் பலருக்கு, வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். பாடத்துக்காகக் கொடுத்தார்கள். பாடமும் படித்தோம், பொழுது சாய்ந்ததும் கேமும் ஓடியது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டி அது. அந்த வருடம் வெளியான பெரிய கேமைப் போட்டால் படம் நின்று நின்று நகரும். ஏழெட்டு வருடம் பழைய கேம் என்றால் தங்குதடையில்லாமல் ஓடும். அதனால் உலகம் விளையாடி முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போன சாகசத் தொடர்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாமதமாகவும் முழு மனதோடும் விளையாடினார்கள். டூம் ரைடர், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற இரண்டு பெயரைச் சொன்னால் அந்த செட்டில் யாருக்கும் முகம் மலரும்.

கேம் வந்த வழி பென் டிரைவ். மதுரையில் காலேஜ் படிக்கும் ஒரு அண்ணன் லீவுக்கு வரும்போது கொண்டுவருவார். அதை ஒருவன் காப்பி செய்வான், அவனிடமிருந்து பத்துப் பேர் வாங்குவார்கள். அந்த டிரைவில் தொடரின் இரண்டாம் பாகம் இருந்தால் எங்களுக்கு அதுதான் பார்ட் ஒன். முதல் பாகம் அடுத்த தீபாவளிக்கு வரலாம், வராமலும் போகலாம். எந்த வரிசையில் விளையாடுவது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கையில் கிடைத்ததே வரிசை.

இப்போது காலம் வேறு. பழைய தொடர்கள் மொத்தமாக, குறைந்த விலைக்கு, முறையாகவே வாங்கக் கிடைக்கின்றன. இந்த முழுப்பரீட்சை லீவில் அக்கா மகன் என்னிடம் கேட்டான்: “டூம் ரைடர்ல எதை மொதல்ல வெளாடணும் மாமா? வந்த வரிசையிலயா, கதை வரிசையிலயா?” நல்ல கேள்வி. இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. ஒரு பெரிய கதையை எந்தப் பக்கத்திலிருந்து தொடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கதையே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிசை என்ற கவலை, கூட்டம் கலைந்த பிறகு வந்து சேர்கிறவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரு தொடர் வெளிவரும் காலத்தில் கூடவே வாழ்ந்தவருக்கு அந்தக் கவலை வராது. அவர் காத்திருந்தார், அடுத்தது வந்தது, வாங்கினார். தமிழ் வாசகர்களுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. நம் வீடுகளில் மூன்று தலைமுறையாக இதே கேள்வி வேறொரு தொடரை வைத்துக் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேம்களுக்குப் போகும் முன் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம்.

கல்கி எந்த வரிசையில் சொன்னார்?

கல்கியின் சரித்திர நாவல்கள் மூன்று. ‘பார்த்திபன் கனவு’ 1941-43 காலத்தில் ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. ‘சிவகாமியின் சபதம்’ 1944-46. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கி 1954 வரை ஓடியது. கதை நடக்கும் காலத்தை எடுத்துக்கொண்டால் முதல் இரண்டும் இடம் மாறும். சிவகாமியின் சபதத்தில் மாமல்லர் நரசிம்மவர்மர் இளவரசர், அப்பா மகேந்திரவர்மர் ஆள்கிறார், புலிகேசி காஞ்சியை முற்றுகையிடுகிறான். பார்த்திபன் கனவில் அதே நரசிம்மவர்மர் சக்கரவர்த்தி, வாதாபியை வென்று பல வருடம் ஆகிவிட்டது. பின்கதையை முன்னாலும் முன்கதையைப் பின்னாலும் எழுதியிருக்கிறார் கல்கி. பொன்னியின் செல்வன் சுமார் முந்நூறு ஆண்டு தள்ளி நடப்பதால் அதில் சிக்கல் இல்லை.

இப்போது புதிதாகப் படிக்க வருகிறவருக்கு எதை முதலில் கொடுப்பது? மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் நின்றால் இரண்டு கட்சிக்காரர்களையும் பார்க்கலாம். சரித்திரக் கதை என்றால் கால வரிசைதான் முறை, சிவகாமியிலிருந்து தொடங்கு என்பது ஒரு கட்சி. எழுதிய வரிசையில் படி என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன், கதை தெரியாதவர்களுக்குப் பாதகம் வராத அளவில். பார்த்திபன் கனவில் பல்லவச் சக்கரவர்த்தியை முதலில் நாம் உறையூர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். கப்பம் கட்ட மறுத்த சிறிய சோழ ராஜா, போருக்குக் கிளம்புவதற்கு முன்னால், தான் தீட்டிவைத்த சித்திரங்களை ரகசியமாக மகனுக்குக் காட்டுகிறார். சோழ நாடு என்னவாக வேண்டும் என்ற கனவு அந்தச் சுவர்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நாமும் அந்த மண்டபத்துக்குள் போகிறோம். ஆகவே நரசிம்மவர்மர் என்ற பெயர் அப்போது நமக்கு எதிரியின் பெயர். போர்க்களத்தில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார், அவரை நம்பலாமா என்ற ஐயம் அந்த நாவல் முழுக்க நம்மை இழுத்துக்கொண்டு போகும். சிவகாமியின் சபதத்தை முதலில் முடித்தவருக்கு இந்த இரண்டும் கிடைக்காது. மாமல்லரோடு நாலு பாகம் வாழ்ந்துவிட்டு வருகிறவர் அவரை எதிரியாகப் பார்க்கவே மாட்டார். அந்தச் சிவனடியாரின் முடிச்சும் அவர் கையில் சீக்கிரமே அவிழ்ந்துவிடும்.

மறுபக்கம் என்ன இழப்பு? பார்த்திபன் கனவை முதலில் படித்தவருக்கு மாமல்லர் வாதாபியை வெல்வார், பெரிய சக்கரவர்த்தி ஆவார், அவருக்கு ஒரு மகள் பிறப்பாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரியட்டும். சிவகாமியின் சபதத்தின் பலம் ‘ஜெயிப்பாரா’ என்ற கேள்வியில் இல்லை. அந்த வெற்றிக்கு யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்த மகளின் தாய் யார் என்று நினைத்துக்கொண்டே சிவகாமியின் முதல் நடனத்தைப் படிக்கிற வாசகரின் வேதனை, ஒன்றும் தெரியாமல் படிப்பவருக்கு வராது. முடிவு தெரிந்தது அங்கே கதையை ஆழமாக்குகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. சிவகாமியின் சபதத்துக்கான எண்ணம், ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருந்தபோது, எழுதி முடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தனக்குத் தோன்றியதாகக் கல்கி பதிவு செய்திருக்கிறார். அப்படியென்றால் பார்த்திபன் கனவை எழுத உட்காரும்போதே சிவகாமி அவர் மனத்தில் இருந்தாள். இருந்தும் அவர் பின்கதையை முதலில் சொன்னார். சொல்கிறவர் ஒரு வரிசையில் சொல்லியிருக்கும்போது, கேட்கிறவர் அதைக் காலண்டர் பார்த்துக் கலைத்துப் போட வேண்டுமா?

சிவகாசியும் பதிமூன்றும்

நாவலில் இருந்து நேராக கேமுக்குத் தாண்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. சிவகாசியிலிருந்து 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ வந்தது, இரும்புக்கை மாயாவியோடு. 1984-இல் எஸ்.விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். பெல்ஜியத்தில் அதே 1984-இல் வெளிவரத் தொடங்கிய ‘XIII’ என்ற சித்திரத் தொடரை, ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் தமிழ்ப் பிள்ளைகள் படித்தது லயன் புண்ணியத்தில்தான். கடலோரத்தில் ஒதுங்கிய ஒருவன், தலையில் குண்டடி, பழைய நினைவு எதுவும் இல்லை, கழுத்தெலும்பின் அருகே பதிமூன்று என்ற ரோமன் எண் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்பதை அவனே தேடிப் போக வேண்டும்.

இந்தத் தொடரில் வரிசைக்கு மாற்றே கிடையாது. நாயகனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரிய வேண்டும். நடு ஆல்பம் ஒன்றை எடுத்துவிட்டால் அவனைவிட நமக்கு அதிகம் தெரிந்துபோகும், அப்புறம் அவனோடு சேர்ந்து தேட முடியாது. 2003-இல் யூபிசாஃப்ட் இதை கேமாக்கியது. திரையில் காமிக்ஸ் கட்டங்களும் சத்தத்துக்கு எழுத்துகளும் தோன்றும் அழகான கேம். முதல் ஐந்து ஆல்பத்தின் கதையோடு, ‘தொடரும்’ என்று நிறுத்தினார்கள். தொடரவே இல்லை. 2020-இல் வந்ததும் அதே கேமின் மறு ஆக்கம்தான். ஆகவே இந்தக் கதையை விளையாட ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, கேமை முதலில் முடித்துவிட்டு மிச்சத்துக்கு லயன் காமிக்ஸுக்கு வாருங்கள். முழுக்கதையும் நம் மொழியில் இருக்கிறது, கேமில் இல்லை.

இளவரசனின் கோபம்

எங்கள் ஊரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா பலருக்கும் ‘வாரியர் விதின்’ வழியாகத்தான் அறிமுகம். 2004-இல் வந்தது. எங்களுக்கு அது பார்ட் ஒன். திறந்ததும் இருட்டு, மழை, சந்து சந்தாக ஓடும் ஒரு முரட்டு இளவரசன், பின்னால் துரத்தும் தஹாகா என்ற கறுப்புப் பூதம். அது ஏன் துரத்துகிறது? அவன் ஏழு வருடத்துக்கு முன்பு ஏதோ மணலைத் திறந்துவிட்டானாம், அன்றைக்கே செத்திருக்க வேண்டியவனாம். சரி என்று கேட்டுக்கொண்டு ஓடினோம். ஓடுவதும் சுவரில் ஏறித் தாவுவதும் நன்றாக இருந்ததால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ அதற்கு முந்தைய ஆண்டு, 2003-இல் வந்தது. அதில் இதே இளவரசன் வாய் ஓயாத விடலைப் பையன். அப்பாவின் மெச்சலுக்கு ஏங்குகிறவன். பாரசீகப் படை இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையைத் தாக்குவதில் கதை தொடங்குகிறது. அங்கே ஒரு கத்தியை எடுக்கிறான், மணல் கடிகாரத்தைத் திறக்கிறான், எல்லாம் கெட்டுப்போகிறது. மகாராஜாவின் மகள் ஃபராவும் அவனும் சேர்ந்து அதைச் சரிசெய்யப் போராடுகிறார்கள். முழுக்கதையையும் அவனே யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் தவறிப்போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்தால் ‘கேம் ஓவர்’ வராது. கதை சொல்லும் அவன் குரல் குறுக்கிட்டு, அப்படி நடக்கவில்லையே என்று தன்னையே திருத்திக்கொள்ளும். செத்துப் பிழைப்பதைக்கூடக் கதை சொல்லும் முறைக்குள் கொண்டுவந்த அந்த நேர்த்தியை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். அவன் யாரிடம் சொல்கிறான், ஏன் சொல்கிறான் என்பது கடைசியில் தெரியும்போது, அதற்குள் அவனோடு பழகியிருந்தால் மட்டுமே நெஞ்சு அடைக்கும்.

இந்த இரண்டையும் வந்த வரிசையில் விளையாடியவருக்கு, சிரித்துப் பேசிய பையன் எப்படி இப்படி ஆனான் என்று இரண்டாம் பாகத்தின் முதல் நிமிடத்திலேயே பகீரென்றிருக்கும். மாற்றி விளையாடியவருக்கு அவன் முதலிலிருந்தே கோபக்காரன், அவ்வளவுதான். அந்த ஏழு வருடத்தின் கனம் அவருக்குத் தெரியாது. 2005-இல் வந்த ‘டூ துரோன்ஸ்’ இரண்டு குணத்தையும் ஒரே உடம்புக்குள் மோதவிடுகிறது. முதல் இரண்டும் தெரியாமல் அதைத் தொடுவதில் பயனில்லை.

சிக்கல் 2010-இல் வந்தது. ஹாலிவுட் படம் வெளியான அதே மே மாதம் ‘ஃபர்காட்டன் சாண்ட்ஸ்’ என்ற கேமையும் விட்டார்கள். கதைப்படி அது அந்த ஏழு வருட இடைவெளிக்குள் நடக்கிறது. கதை வரிசைக் கட்சிக்காரர்கள் இதை இரண்டாவதாக வைப்பார்கள். நான் கடைசியில்தான் வைப்பேன். அதில் தண்ணீரை உறையவைத்து, அருவியைச் சுவராக்கி ஏறும் வித்தை இருக்கிறது. அபாரமான வித்தை. அதை விரல்கள் பழகிக்கொண்ட பிறகு 2004-க்குத் திரும்பினால் ஒவ்வொரு அருவியின் முன்னாலும் கை அந்த பட்டனைத் தேடும். அதைவிட முக்கியம், சாண்ட்ஸ் ஆஃப் டைமின் கடைசிக் காட்சிக்கும் வாரியர் விதினின் முதல் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம்தான் அந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த இடம். அதை நிரப்பக் கூடாது.

இந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு இளவரசனும் இருக்கிறான். ஜோர்டன் மெக்னர் கிட்டத்தட்டத் தனியாளாக உருவாக்கிய 1989-ஆம் ஆண்டு கேம். தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாக வரைந்து அந்த நடையைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். 90-களில் கம்ப்யூட்டர் சென்டர்களில் டாஸ் கற்றுக்கொள்ளப் போன அண்ணன்மார் பலர் அதில்தான் விரல் பழகினார்கள். 2003-ஆம் ஆண்டுக் கதைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, எப்போது வேண்டுமானாலும் விளையாடலாம்.

வாய்ச்சண்டைக் கடல்

மங்கி ஐலண்ட் நம் பக்கம் அதிகம் பரவாத தொடர். இங்கிலீஷில் சிலேடையும் கிண்டலுமாக ஓடும், சண்டைக் காட்சிகூட வாய்ச்சண்டைதான். 1990-இல் வந்த முதல் கேமில் கடற்கொள்ளைக்காரனாக ஆசைப்படும் கைபிரஷ் என்ற இளைஞன் வாள் பழகப் போகிறான். வாளைச் சுழற்ற நாம் எதுவும் செய்ய வேண்டாம். எதிரி ஒரு வசவு சொல்வான், சரியான பதில் தெரிந்தால் நாம் முன்னேறுவோம், தெரியாவிட்டால் பின்வாங்குவோம். தோற்றுத் தோற்றுத்தான் பதில்களைச் சேர்க்க வேண்டும். கடைசியில் வாள் வித்தையில் பேர்போன ஒரு பெண்ணிடம் போனால் அவள் புத்தம் புது வசவுகளாகச் சொல்வாள். நாம் கற்ற பழைய பதில்களில் எது இதற்கும் பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த மதுரைப் பக்கத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் ரசிப்பார்கள். 1997-இல் வந்த மூன்றாம் கேமில் இதே சண்டை கடலில் நடக்கும், அங்கே பதில் எதுகையோடு இருக்க வேண்டும். முதல் கேமைத் தெரிந்தவருக்கு அது இரட்டைச் சிரிப்பு.

இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ரான் கில்பர்ட். 1991-இல் இரண்டாம் கேமை ஒரு விசித்திரமான காட்சியோடு முடித்துவிட்டு, அவர் தான் வேலை பார்த்த நிறுவனத்தை விட்டுப் போனார். அடுத்த கேம்கள் 1997, 2000, 2009 என்று மற்றவர்கள் கையில் வளர்ந்தன. 2022-இல் அவரே திரும்பி வந்து ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ செய்தார். அது 1991-ஆம் ஆண்டின் அந்தக் கடைசிக் காட்சியிலேயே தொடங்குகிறது. அப்படியானால் நடுவில் வந்ததைத் தள்ளிவிட்டு ஒன்று, இரண்டு, பிறகு 2022 என்று போகலாமா? போகலாம், கதை புரியும். ஆனால் முப்பத்தொரு வருடம் ஒரு முடிவுக்கு விளக்கம் கிடைக்காமல் இருந்தவர்களுக்காக எழுதப்பட்ட கேம் அது, வயதாகிவிட்ட ஒருவன் தன் பழைய சாகசங்களைத் திரும்பிப் பார்ப்பதைப் பற்றியது. இரண்டாம் கேமை முடித்த மறுநாளே அதைத் திறந்தால் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. நடுவில் உள்ளவற்றையும் விளையாடுங்கள், முடிந்தால் சில மாதம் இடைவெளி விடுங்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்காவது நமக்கும் கிடைக்க வேண்டும்.

கால வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் முட்டுவோம் என்பதற்கு செல்டா ஒன்றே போதும். 1986-இல் தொடங்கிய ஜப்பான் தொடர். 2011 கடைசியில் நின்டெண்டோ தரப்பிலிருந்தே ஒரு புத்தகத்தில் கால அட்டவணை வெளிவந்தது. 1998-ஆம் ஆண்டு கேமுக்குப் பிறகு கதை மூன்று கிளையாகப் பிரிகிறது. அட்டவணையில் முதலில் நிற்பது அப்போதுதான் வெளிவந்த 2011-ஆம் ஆண்டு கேம். ஒரு கிளையின் கடைசியில் நிற்பது 1987-இல் வந்த மிகக் கடினமான பழைய கேம். அந்த வரிசையில் போகிறவர் சொகுசாகத் தொடங்கி வலியில் முடிப்பார். அட்டவணை ஆராய்ச்சிக்கு நல்லது, விளையாடுவதற்கு அல்ல.

வரிசையைக் கடைகளே கலைத்துவிடுவதும் உண்டு. அன்சார்ட்டட் தொடர் பிளேஸ்டேஷனில் 2007-இல் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கு 2022-இல் வந்த தொகுப்பில் நான்காம் பாகமும் அதற்கடுத்த ‘லாஸ்ட் லெகசி’யும் மட்டுமே உண்டு. பிளேஸ்டேஷன் இல்லாத வீட்டில் அந்தத் தொடரே நான்கிலிருந்துதான் தொடங்கும். பரவாயில்லை, லாஸ்ட் லெகசியைத் தனியாகவே விளையாடலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஹொய்சாளர் சின்னங்களைத் தேடிப் போகும் கதை, நாயகியும் வேறு.

லாரா கிராஃப்டின் ஒரு அடி

அக்கா மகனின் கேள்விக்கு வருகிறேன். டூம் ரைடர் 1996-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் பிறந்தது. அதில் லாரா நிற்கும் உலகம் முழுதும் சம அளவுச் சதுரக் கட்டங்களால் ஆனது. பெரிய பள்ளத்தைத் தாண்ட வேண்டுமா? விளிம்பு வரை மெதுவாக நட, நடக்கும்போது அவள் விழ மாட்டாள். விளிம்பில் நின்று ஒரு முறை பின்னோக்கிக் குதி. இப்போது முன்னால் ஓடவிட்டு உடனே தாவும் பட்டனை அழுத்திப் பிடி. சரியாக விளிம்பில் கால் பதிந்து எழும்புவாள். எட்டாத தூரம் என்றால் கையால் பற்றும் பட்டனையும் சேர்த்துப் பிடி. இந்தக் கணக்கு ஒருமுறை விரலில் ஏறிவிட்டால், பள்ளத்தைப் பார்த்த மாத்திரத்தில் தாண்ட முடியுமா முடியாதா என்று சொல்லிவிடலாம். அவசரப்பட்டவன் விழுவான். நின்று அளந்தவன் தாண்டுவான்.

அடுத்து வந்த கேம்கள் இதே கணக்கின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கின. 1997-இல் ஏணி போல் சுவர் ஏறுவது, படகு ஓட்டுவது. 1998-இல் குனிந்து தவழ்வது, உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நகர்வது, மூச்சுப் பிடித்து ஓடுவது. 1999-இல் கயிற்றில் ஊஞ்சலாடுவது. கதை பாகத்துக்குப் பாகம் வேறு, ஆனால் விரலுக்கு இது ஒரே பாடத்தின் அடுத்தடுத்த வகுப்பு. மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு வந்தால் தவழ முடியாத லாராவைப் பார்த்து எரிச்சல்தான் வரும். 1999-ஆம் ஆண்டு கேம், பதினாறு வயது லாரா அங்கோர் வாட்டில் இருப்பதாகத் தொடங்குகிறது. அதைப் பார்த்து முன்கதை என்று எடுத்துக்கொண்டு முதலில் போட்டுவிடாதீர்கள். அதன் முடிவில் அவளுக்கு நேர்வதைத் தாங்க, அவளோடு மூன்று கேம் நடந்திருக்க வேண்டும்.

தொடர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு வந்த மூன்று கேம்களில்தான் உண்மையான வழக்கு: 2006-இன் ‘லெஜண்ட்’, 2007-இன் ‘ஆனிவர்சரி’, 2008-இன் ‘அண்டர்வேர்ல்டு’. ஆனிவர்சரி என்பது 1996-ஆம் ஆண்டுக் கதையின் மறு ஆக்கம். கதைப்படி லெஜண்டுக்கு முந்தையது. அண்டர்வேர்ல்டில் இரண்டு கதையின் எதிரிகளும் வருகிறார்கள். இங்கே மட்டும் நான் என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். 1996-ஐ ஏற்கெனவே விளையாடியவருக்கு லெஜண்ட், ஆனிவர்சரி, அண்டர்வேர்ல்டு என்று வந்த வரிசைதான் சரி. பழைய கேமைத் தொடாதவர் ஆனிவர்சரியில் தொடங்கினால் தவறில்லை, ஏனென்றால் அவருக்கு அதுதான் உண்மையிலேயே முதல் கதை. 2013-இல் தொடங்கும் மூன்று கேம்கள் தனி. அதில் லாராவே புதியவள்.

ஒரு எச்சரிக்கை, குறிப்பாகப் பெரியவர்களுக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை 1996-இலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சவ்வு மாதிரித் திரும்பும் அந்தப் பழைய நடை பிடிக்காமல் ஒரு மணி நேரத்தில் மூடிவைத்துவிட்டால் மொத்தத் தொடரும் அவனுக்குப் போய்விடும். அவன் கையில் 2013-ஐக் கொடுங்கள். பிடித்துவிட்டால் அவனே பின்னால் தேடிப் போவான். பொன்னியின் செல்வன் படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு 2022-இல் புத்தகம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலர் அங்கிருந்து பார்த்திபன் கனவுக்கும் வந்தார்கள்.

அக்கா மகன் பதினாறு வயதுக்காரன், பொறுமை இருக்கிறது. அதனால் 2024 பிப்ரவரியில் வந்த ரீமாஸ்டர் தொகுப்பை வாங்கிக் கொடுத்தேன். முதல் மூன்று கேமும் அதில் உண்டு. பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் ஒரே பட்டனில் மாறிக்கொள்ளலாம். நடையையும் பழையது, புதியது என்று தேர்ந்தெடுக்கலாம். படம் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள், நடை மட்டும் பழையதாக இருக்கட்டும் என்றேன். கட்டங்கள் அந்த நடைக்காகத்தான் அளந்து போடப்பட்டவை. புதிய நடையில் அந்தப் பின்னோக்கிய ஒரு குதிப்பின் கணக்கு உதவாது.

இப்போது அவன் மூன்றாவதில் இருக்கிறான். அது இந்தியாவில் தொடங்குகிறது: காடு, புலி, குரங்கு, பாழடைந்த கோயில், உயிர்பெற்று வாளைச் சுழற்றும் பல கைச் சிலைகள். இந்தியாவை முடித்ததும் கேமே நம்மிடம் உலக வரைபடத்தை நீட்டி, நெவாடா, தென் பசிபிக், லண்டன் மூன்றில் எதற்கு முதலில் போகிறாய் என்று கேட்கும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். மூன்றும் முடிந்தால்தான் அண்டார்டிகா. நேற்று இரவு அந்த வரைபடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு போன் செய்தான். நெவாடாவுக்குப் போ என்றேன். அங்கே லாரா பிடிபடுவாள், அதுவரை சேர்த்த துப்பாக்கிகள் எல்லாம் பறிபோகும். கடைசியில் போனால் மூன்று நாட்டில் சேர்த்ததை இழப்பாய், முதலில் போனால் இந்தியாவில் கிடைத்ததோடு போகும். அதன் பிறகு பசிபிக், லண்டன். லண்டன் கூரைகளில் வழி கண்டுபிடிப்பது கஷ்டம், அதற்குள் கை நன்றாகப் பழகியிருக்கும்.